சத்தம் போடாத யந்திரம்

மீன் பிடிக்கும் பைத்தியம் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் அதற்கு மருந்தே கிடையாது. பைத்தியம் அவருக்கு, பத்தியம் வீட்டில் இருப்பவர்களுக்கு!

கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, நீலகிரியில் எமரால்டு ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறாராம். மாதம் இருமுறை தூண்டிலும் கையுமாகப் புறப்பட்டுவிடுகிறார். சகோதரியும் கூடப் போகிறார். இடம் சொர்க்கம்தான். ஆனால் நாலு தூற்றல் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது. போனால் எப்போது வரும் என்று சொல்ல முடிவதில்லை.

"ஜெனரேட்டர் வாங்கவேண்டும் என்கிறார் இவர். எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஊர்ச் சந்தடி வேண்டாமென்று மலைக்குப் போய், அங்கே வாசலில் ஒரு மாவு மில்லை வைத்துக்கொள்வதா? சத்தம் போடாத ஜெனரேட்டராக ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்.

மலை வீடு இல்லாதவர்களுக்கும் இந்தக் கேள்வியில் அக்கறை உண்டு. புயல் வீசினால் சென்னையில் மட்டும் விளக்கு எரிகிறதா, என்ன?

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். எமரால்டு, அவலாஞ்சி ஏரிகள் குந்தா நீர்மின் திட்டத்துக்காகத் தேக்கப்பட்டவை. அந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி எங்கெங்கோ உள்ள வீடுகளில் விளக்கேற்றுகிறது. ஏரிக் கரையில் இருப்பவர் மெழுகுவத்தியைத் தேடுகிறார்! யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான். அப்படிப்பட்ட இடத்தில் மரம் சாயாமல், கம்பி அறாமல் இருக்குமா?

ஆகையால் ஜெனரேட்டர் ஆடம்பரம் அல்ல. எதை வாங்குவது என்று பார்ப்போம்.

முதலில் காகிதமும் பென்சிலும்

கடைக்குப் போவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து: 45 வாட். கைபேசிகளுக்கு 60. டெலிவிஷன் 60. சின்ன ஃபிரிஜ் ஓடும்போது 150. ஆக மொத்தம் 315 வாட். சட்னி அரைக்க மிக்ஸி 750. எல்லாம் சேர்ந்து ஓடினாலும் 1,065 வாட்.

இனி, பட்டியலில் சேர்க்கக் கூடாதவர்கள்: வெந்நீர் கெய்ஸர், 2,000 வாட்டும் அதற்கு மேலும், மின்சாரக் கெட்டில், 1,500, இஸ்திரிப் பெட்டி, 1,000, குளிர்காயும் ஹீட்டர், 2,000. சூடு உண்டாக்குகிற சாமான்கள் எல்லாமே பகாசுரன் வம்சம். அவற்றுக்காகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் பணமும் அதிகம், பாரமும் அதிகம், சத்தமும் அதிகம். வெந்நீருக்குக் காஸ் அடுப்பு இருக்கவே இருக்கிறது.

தண்ணீர் பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரைக் குதிரை சக்தி மோட்டார் ஓடும்போது 500, 600 வாட்தான் இழுக்கும். ஆனால் கிளம்புகிற அந்த ஒரு விநாடியில் அதைப்போல் மூன்று மடங்கு கேட்கும். ஃபிரிஜ்ஜுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. எனவே மின்சாரம் இருக்கும்போதே மேல்தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள். சிறிய ஜெனரேட்டரே போதும்.

இந்தக் கணக்கின்படி இரண்டு கிலோவாட் ரகம் சரியாக இருக்கும். அதிலும் பெட்டியில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பெரிய எண் சில நிமிஷங்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடிய உச்ச சக்தி. சிறிய எண்தான் மணிக்கணக்கில் கொடுக்கக்கூடியது. உதாரணமாக, ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் விற்கும் இ.யூ. 2200 ஐ என்ற மாடலில் உச்சம் 2,200 வாட். தொடர்ந்து கொடுப்பது 1,800. கடைக்காரர் முதல் எண்ணைத்தான் உரக்கச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள்.

மலையில் இன்னொரு கழித்தல் கணக்கும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிறது; இயந்திரத்துக்கும் மூச்சு வாங்குகிறது. 300 மீட்டருக்குச் சுமார் மூன்றரை சதவிகிதம் சக்தி குறையும். ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே 1,800 வாட் யந்திரம் சுமார் 1,330 வாட்தான் கொடுக்கும். நம்முடைய 1,065-க்கு அது போதும். ஆனால் 'கணக்குக்குச் சரியாக இருக்கிறதே' என்று 1,100 வாட் யந்திரத்தைக் கோயமுத்தூரில் வாங்கிக்கொண்டு மலையேறினால், சட்னி பாதியில் நின்றுபோகும். சில கம்பெனிகள் மலைப் பிரதேசத்துக்கென்று கார்ப்யுரேட்டரில் மாற்றிப் போட வேறு ஜெட் வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அப்படி மாற்றிய யந்திரத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்தால், மறுபடி பழைய ஜெட்டைப் போட்ட பிறகுதான் ஓட்டவேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு பிடிவாதக்காரர். வீட்டில் ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் சரி, எல்லாம் எரிந்தாலும் சரி, நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றியே தீருவார். அப்படிச் சுற்றினால்தான் நம் ஊர் வழக்கப்படி விநாடிக்கு 50 ஸைக்கிள் மின்சாரம் வரும். வேகத்தைக் குறைத்தால் மின்சாரமே கெட்டுப்போகும்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்ற புது ரகம் அப்படி இல்லை. அது உண்டாக்கும் மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சாதனத்தின் மூலம் 50 ஸைக்கிளாகச் செப்பனிட்டுக் கொடுக்கிறது. அதனால் எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் கவலையில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தவர் துணிக்குத் தகுந்தபடி காலை மிதிப்பதுபோல், வேலைக்குத் தகுந்தபடி மட்டும் ஓடும். சத்தம் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. கைபேசி, கம்ப்யூட்டர் போன்ற சொகுசுப் பேர்வழிகளுக்கும் இந்த மின்சாரம் ஒத்துக்கொள்ளும். விலை அதிகம்தான். ஆனால் சகோதரி கேட்பது இதைத்தான்.

எவ்வளவு சத்தம் என்பதை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். இந்தக் கணக்கில் பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். மேலே சொன்ன ஹோண்டாவுக்குக் கால் பங்கு சுமையில் 48 டெசிபல். முழுச் சுமையில் 57. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்பதையும் கேளுங்கள். ஒருவர் 7 மீட்டரில் அளந்திருப்பார். இன்னொருவர் 4 மீட்டரில் அளந்திருப்பார். ஒப்பிட்டால் பிசகிவிடும். சில பெட்டிகளில் 86, 90 என்று போட்டிருக்கும். பயந்துவிடாதீர்கள். அது யந்திரம் வெளியிடும் மொத்த ஒலித்திறன். 86 என்றால் 7 மீட்டர் தள்ளி நின்று கேட்பவருக்குச் சுமார் 61.

சத்தத்தைக் குறைக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 57 என்றால், 14 மீட்டரில் 51. 28 மீட்டரில் 45. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கும் வரம்பும் அதே 45-தான். அடுத்த வீட்டுக்காரருக்கும் தூக்கம் உண்டு அல்லவா?

மீனுக்குக் காது உண்டா?

"யந்திரச் சத்தத்தில் மீன் ஓடிவிடும்" என்று சகோதரியின் கணவர் பயப்படுகிறாராம். நீலகிரியில் டிரவுட் மீனுக்குத் தனி மரியாதை. 1907-லேயே எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அப்பேர்ப்பட்ட விருந்தாளி கோபித்துக்கொள்ளலாமா?

மீனுக்கு வெளியே தெரியும்படி காது இல்லை, உட்காது உண்டு. அதிர்வை உணர உடம்பின் இரு பக்கத்திலும் ஒரு கோடும் உண்டு. ஆனால் காற்றில் வரும் சத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் நுழைகிறது. மிச்சமெல்லாம் ஏரியின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். எனவே கரையில் ஓடும் ஜெனரேட்டர் மீனைத் துரத்தாது. தண்ணீருக்குள் கால் ஊன்றிய மரத்தளத்தின்மேல் யந்திரத்தை வைத்தால்தான் அதிர்வு நேராக உள்ளே இறங்கும். அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டுத் தரையில் வைத்தால் போதும். அதற்குப் பிறகும் மீன் சிக்கவில்லை என்றால் பழியை ஜெனரேட்டர்மேல் போட முடியாது!

சத்தமே இல்லாத ஆபத்து

இதுவரை சொன்னது காதைப் பற்றி. இனிச் சொல்வது உயிரைப் பற்றி. சகோதரி கேட்காவிட்டாலும் சொல்லியே ஆகவேண்டும்.

பழைய ஜெனரேட்டரின் காட்டுக் கத்தலில் ஒரு நன்மை இருந்தது. யாரும் அதை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. புதிய யந்திரமோ சாது. எடை 21 கிலோதான். கைப்பிடி வேறு இருக்கிறது. மழை கொட்டுகிற ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். 'பாவம், யந்திரம் நனைகிறதே' என்று தோன்றும். தாழ்வாரத்துக்குள் தூக்கி வைத்துவிடுவோம். சத்தம் தொந்தரவாக இல்லை. குளிர் தாங்காமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வோம்.

அந்த யந்திரம் விடுகிற புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணிலும் எரிச்சல் இராது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். 'மலைப் பாதை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்போம். தூங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜெனரேட்டர் புகையால் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு பேர் இறக்கிறார்கள் என்று அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2020-இல் லாரா சூறாவளி லூயிசியானாவைத் தாக்கியபோது, புயலுக்குத் தப்பிப் பிழைத்தவர்களில் பலரை இந்த வாயு பிறகு கொன்றது. நம் மலைகளிலும் இது புதிதல்ல. 2024-இல் கொடைக்கானலில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவில்லை. கரி அடுப்பிலிருந்து வருவதும் இதே வாயுதான்.

ஆகவே இந்த விதிகளில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஜெனரேட்டர் வீட்டைவிட்டுக் குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். புகை போகும் முனை வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்கவேண்டும். தாழ்வாரம், கார் ஷெட், விறகுக் கொட்டகை எதுவும் கூடாது. 'ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?' என்றால், போதாது. மழைக்கு நாலு கால் நட்டு மேலே ஒரு தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். தரை ஈரம் படாமல் மேடை வையுங்கள். கார்பன் மோனாக்சைடு பெருகினால் தானாக நின்றுவிடும் யந்திரங்கள் இப்போது வருகின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதை நம்பி உள்ளே மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள்.

படுக்கை அறையில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். புகை அலாரம் வேறு; இது வேறு. பெட்டியில் ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அலாரம் அடித்தாலோ, வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தலைவலி வந்தாலோ, காரணத்தை ஆராயாதீர்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் ஜெனரேட்டர் ஓடியதை மறக்காமல் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்க ஒரு கருவி வாங்கினோமே, அதை நம்பவேண்டாம். இந்த வாயு கலந்த ரத்தத்தையும் அது பிராணவாயு நிறைந்த ரத்தம் என்றே காட்டும்.

கம்பத்தில் இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை?

யந்திரத்தைத் தள்ளி வைத்தால் நீளமான ஒயர் வேண்டும். சதுர மில்லிமீட்டர் கணக்கில் 2.5 அளவுள்ள, வெளியில் போடுவதற்கென்றே செய்த மூன்று கம்பி ஒயரை வாங்குங்கள். மெல்லிய ஒயர் சூடேறும்.

சிலர் ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஜெனரேட்டர் மின்சாரத்தைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதும் விளக்கெரிப்பார்கள். மகா பாவமான காரியம் இது. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறும். அறுந்த கம்பியைக் கட்ட மழையில் கம்பம் ஏறியிருக்கும் ஊழியர், 'மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது' என்ற நம்பிக்கையில் அதைத் தொடுவார். வீடு முழுவதும் எரியவேண்டுமானால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜெனரேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்து வேண்டிய சாமானை மட்டும் மாட்டுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது யந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றவேண்டும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். யந்திரத்துக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். அந்தப் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் உபயோகமில்லை என்றால் டாங்கியையும் கார்ப்யுரேட்டரையும் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்குக் கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும்.

இரவுக்கு வேறு வழி

கடைசியாக, செலவைக் குறைக்கும் ஒரு யோசனை. ஹோண்டாவின் 3.6 லிட்டர் டாங்கி, கால் பங்கு சுமையில் எட்டு மணி நேரம் ஓடும். கணக்குப் பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். சுமார் நூறு ரூபாய்! இரவெல்லாம் இதை ஓட்டி ஐந்து பல்பு எரிப்பது குடும்பத்துக்குக் கட்டாது.

இரவுக்குத் தேவையானது எவ்வளவு? ஐந்து பல்பு ஆறு மணி நேரம் எரிந்தால் 270 வாட்-மணி. கைபேசிகளுக்கு 50 போடுங்கள். மொத்தம் 320. கையில் தூக்கக்கூடிய 500 வாட்-மணி லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்று இதைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். அதற்குச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பகலில் சில மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டும்போது ஃபிரிஜ் குளிரும், சட்னி அரையும், பேட்டரியும் நிறையும். விளக்கு வைத்த பிறகு யந்திரத்தை நிறுத்திவிடலாம். தூங்குகிற நேரத்தில் ஜெனரேட்டர் ஓடாத வீட்டில் பாதி அபாயம் அப்போதே தீர்ந்தது.

ஆகவே சகோதரி, கடைக்குப் போகும்போது இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் அலாரம். அடுத்தது நீளமான ஒயர். மூன்றாவது பேட்டரி. இவை கைக்கு வந்த பிறகு, 1,800 வாட் தொடர்ந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். உங்கள் வீட்டுக்காரர் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் வாங்க ஆசைப்படுவார். தூண்டிலை ஒளித்து வைத்தாவது வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!